ஃபிரிட்ஜில் இருக்கும் சார்

மார்ச் 11, செவ்வாய்

இன்று பிவட் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் நிறைந்தது. கேக் வெட்டினோம். பிவட் கேக் சாப்பிடாது, மண்புழுதான் சாப்பிடும். ஆனால் படம் எடுக்கக் கேக்தான் நன்றாக இருக்கும்.

பிவட், ஆக்ஸலாட்டில் என்ற இனம், எங்கள் அலுவலகத்துச் செல்லப் பிராணி. மெக்சிகோவில் ஏதோ ஒரு குளிர்ந்த ஏரிக்குப் பாத்தியப்பட்ட உயிர். எலெக்ட்ரானிக் சிட்டியில் மூன்றாவது மாடி வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. ரோஜா நிறத்தில் ஒரு பல்லி மாதிரி. தலையின் இரண்டு பக்கமும் இறகு போலச் செவுள்கள், முகத்தில் காரணமில்லாத ஒரு புன்னகை. கை கால் போனால் அதற்குத் திரும்ப முளைக்குமாம். நிறுவனர் ஹரிஷ்குமார் அதை வாங்கியதற்கு அதுதான் காரணம். 'விழுந்தாலும் எழுவோம்' என்று தொட்டிக்கு மேல் ஒட்டியும் வைத்தார். அதே வாரத்தில்தான் எங்களில் எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். அவர்கள் யாரும் திரும்ப முளைக்கவில்லை.

பிவட்டுக்கு நான் பொறுப்பாளர். ஏன்? போன வருடம் ஒரு கூட்டத்தில், "இதுக்கு யார் சாப்பாடு போடுறது?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் நிறுவனத்தில் ஒன்றைப் பற்றி யார் கேட்கிறார்களோ, அவர்கள் தலையில்தான் அது விழும். அதன்பிறகு நான் எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறந்ததில்லை.

கேக் முடிந்ததும் எச்.ஆர். மமதா, கன்னடக்காரி, ஒரு பிளாஸ்டிக் பையை உயர்த்திக் காட்டினாள். உள்ளே கப்பி மீன்கள். பிறந்தநாள் பரிசாம்.

"பாப, பாவம், ஒண்டியா இருக்கல்லா யாமினி? ஒரு டீம் வேண்டாமா அதுக்கு?"

"அது தனியா இருக்கிற ஜாதி, மமதா. வேற மீனோட வைக்கக் கூடாது."

"எல்லாரும் ஃபர்ஸ்ட் அப்படித்தான் சொல்லுவாங்க. நீயும் ஜாயின் பண்ணப்ப அப்படித்தானே இருந்தே?"

இப்போதும் அப்படித்தான் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். கப்பிகள் தொட்டிக்குள் போயின.

மார்ச் 12, புதன்

கப்பிகளில் சிலதைக் காணோம். பிவட் தன் டீமை உள்வாங்கத் தொடங்கிவிட்டது. மமதாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 17, திங்கள்

காலையில் போனதும் தொட்டியில் கை வைத்தேன். குழம்பு போலச் சூடு என்று எழுதினால் மிகை. ஆறிப்போன காபிச் சூடு என்று வைத்துக்கொள்ளலாம். பிவட்டின் செவுள்கள் முன்பக்கமாக வளைந்து சுருண்டிருந்தன. அதற்கு உடம்பு சரியில்லை என்றால் அப்படித்தான் வளையும். செவுள் நுனிகள் கந்தல். மிச்சமிருந்த கப்பிகள் கடித்திருக்கின்றன. டீம் பதிலுக்கு அதைச் சாப்பிட ஆரம்பித்துவிட்டது. கடித்த இடங்களில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போல் பூஞ்சை.

கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையாளர் ஓஸ்வால்டைத் தேடிப் பிடித்தேன்.

"அண்ணா, சனி ஞாயிறு ஏசி ஓடலையா?"

"இன்னாம்மா பண்றது? மேலேர்ந்து ஆர்டர். காலி ஆபீஸ்ல யாருக்கு ஏசி?"

"பிவட்டுக்கு."

"அது எம்ப்ளாயி லிஸ்ட்ல இல்லியேம்மா."

கேக் வெட்டும்போது இருந்ததே என்று கேட்டிருக்கலாம். கேக்கில் பெரிய துண்டை வாங்கியவரும் அவர்தான்.

மதியம் தொட்டி சுத்தம் செய்யும் தினேஷ் வந்தான். இந்தப் பகுதியில் பாதி அலுவலகங்களின் மீன்தொட்டிகளுக்கு அவன்தான் ஒப்பந்தம். ஒரே வாளி, ஒரே வலை, ஒரே குழாய். இதற்கு முன் போன அலுவலகத்துத் தங்கமீன் தண்ணீர் அந்த வலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பச்சையாக ஒரு மருந்தை எடுத்துத் தொட்டிக்குள் சாய்க்கப் போனான்.

"இது என்ன மருந்து?"

"ஃபிஷ்ஷுக்குப் போடுறது மேடம்."

"இது ஃபிஷ் இல்லை. தவளை இனம். தோல் வழியா எல்லாத்தையும் உறிஞ்சும். மீன் மருந்து இதுக்கு விஷம்."

"தண்ணியிலதானே மேடம் இருக்கு?"

நீர்மூழ்கிக் கப்பலும் தண்ணீரில்தான் இருக்கிறது. பாட்டிலைக் கையோடு வாங்கி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

மமதாவிடம் அனுமதி வாங்கி, பிவட்டை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, அதைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனேன். பன்னேர்கட்டா ரோட்டில் டாக்டர் மகா இருக்கிறார். ஆமை, கிளி, உடும்பு என்று நாய் பூனை அல்லாத எல்லாவற்றையும் பார்ப்பவர். காத்திருந்த இடத்தில் ஒரு சாம்பல் கிளி வருவோர் போவோருக்கெல்லாம் 'ஹலோ' சொல்லிக்கொண்டிருந்தது. இன்று என்னை நலம் விசாரித்த முதல் ஜீவன்.

டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டால் பிவட்டின் தோலில் வழுவழுப்பைச் சுரண்டி நுண்நோக்கியில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நீளமாக, கண்ணாடி மாதிரி, சின்னச் சின்னப் புழுக்கள். ஒரு முனையில் கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டு மறுமுனையை ஆட்டி ஆட்டித் தேடிக்கொண்டிருந்தன. அழகாக இருந்தன என்று எழுதினால் பாவமா? இருந்தன.

"செவுள்ல ஒட்டிக்கிட்டு இருக்கிற தட்டைப்புழு. மீன்லேருந்து வரும். யார் மீன் போட்டது?"

"எச்.ஆர்."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "நெட்ல படிச்சீங்களா?" என்றார்.

"நிறைய."

"எல்லாத்தையும் மறந்துடுங்க. முக்கியமா அந்த டீ. டீத்தண்ணியில குளிப்பாட்டுன்னு எவனோ எழுதி வெச்சிருக்கான். டீயை நீங்க குடிங்க."

புழுவுக்கு மருந்து எடை பார்த்துத்தான் தர வேண்டும், அதை அவரே தருவார், வாரம் ஒருமுறை. பூஞ்சைக்கு உப்புக் குளியல். அயோடின் இல்லாத உப்பு, கொஞ்ச நேரம்தான், கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே. தனி டப்பா. தினமும் தண்ணீர் முழுக்க மாற்ற வேண்டும், குளோரின் போக்கிய தண்ணீராக. குளிர்ச்சி. வீட்டில் குளிர்ச்சி இல்லாவிட்டால் ஃபிரிட்ஜில் கீழ்த் தட்டு. கதவில் வைக்கக் கூடாது, ஆடும்.

"பொழைக்குமா டாக்டர்?"

"செவுள்ல பாதி போயிடுச்சு. அது வளர்ந்துடும், உசிரு இருந்தா."

பொம்மனஹள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அப்போதுதான் கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியிலிருந்து வந்து, சேலையில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஃபிரிட்ஜில் கறிக்குழம்புச் சட்டியை மேலே நகர்த்திக் கீழே டப்பாவை வைத்தேன்.

"இன்னாடி அது?"

"ஆபீஸ்லேருந்து."

"ஆபீஸ் வேலய வூட்டுக்கு எட்த்துனு வராதன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன்?"

மூடியைத் திறந்து பார்த்தாள். பிவட் அவளைப் பார்த்துப் புன்னகைத்தது.

"இன்னாத்துக்கு இளிக்குது?"

"முகமே அப்படித்தாம்மா. அது சாகும்போதும் அப்படித்தான் இருக்கும்."

"எங்க ஃப்ளோர் மேனேஜர் சாராட்டமே கீது. ஆளு எடுக்கும்போதும் இதே இளிப்பு, தொரத்தும்போதும் இதே இளிப்பு."

அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அதன் பெயர் சார்.

மார்ச் 19, புதன்

ஹரிஷ்குமாருக்கும் மமதாவுக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். தொட்டியைக் காலி செய்து கழுவிக் காயப்போட வேண்டும், கப்பிகளை எடுத்துவிட வேண்டும், வேறு அலுவலகத்து வலை இங்கே வரக் கூடாது, சனி ஞாயிறும் குளிர்ச்சி வேண்டும். நான்கே வரிகள். செயலியைப் பயன்படுத்துவோருக்கு உதவிக் குறிப்பு எழுதுவதுதான் என் வேலை என்பதால் குழந்தைக்கும் புரியும்படி எழுத வரும்.

ஹரிஷ்குமாரின் பதில்: ஒரு மஞ்சள் கட்டைவிரல்.

மார்ச் 21, வெள்ளி

உப்புக் குளியல். கடை கடையாக அயோடின் இல்லாத உப்பு தேடிவிட்டு வந்தால், அம்மா அடுப்படியிலிருந்து கல்லுப்புப் பாக்கெட்டை எடுத்து நீட்டுகிறாள். அட்டையில் பொடி எழுத்தில் 'அயோடின் சேர்க்கப்படாதது'. சமையலுக்கு இதைத்தான் போடுகிறாளாம். எனக்குக் கழுத்தில் கழலை வந்தால் யாரைக் கேட்பது என்றேன். "உனுக்கு வர்றதுக்கு முன்ன சாருக்கு சரியாவட்டும்" என்றாள்.

உப்புத் தண்ணீரில் விட்டதும் அது ஒரு துள்ளு துள்ளியது பாருங்கள் (யாரைப் பார்க்கச் சொல்கிறேன்? இந்த நோட்டை நான் மட்டும்தான் படிக்கிறேன்). அதன் பிறகு அசையாமல் கிடந்தது. நான் மூச்சுவிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரில் யாருக்குச் சிகிச்சை என்று சந்தேகம் வந்துவிட்டது.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் டப்பாவைத் திறந்தேன். தலைகீழாக் கெடக்கு. வயிறு மேல. ஐயோ. தொட்டா லேசா நெளியுது. டாக்டர் போன் எடுக்கல. ஞாயித்துக்கெழம யாரு எடுப்பா? தண்ணிய மாத்தினேன், நிமுத்தி விட்டேன், மறுபடி பொரளுது. உப்பு ஜாஸ்தியாயிடுச்சா? நான்தான் கொன்னேனா? கண்ணத் தொறந்துட்டே இருக்கு. அதுக்கு மூடத் தெரியாது, இமையே கிடையாது. சிரிச்சிட்டே இருக்கு.

(மதியம்)

டாக்டர் கூப்பிட்டார். வயிற்றில் காற்று ஏறியிருக்கும் என்றார். முதுகு மட்டும் நனையும் அளவுக்குத் தண்ணீரைக் குறைத்து அப்படியே குளிரில் வைக்கச் சொன்னார். வைத்தேன். சாயங்காலம் காலூன்றி நின்றுகொண்டிருந்தது. காலையில் எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. இலக்கியம் அல்லவே.

மார்ச் 24, திங்கள்

ஹரிஷ்குமார் என்னையும் மமதாவையும் கூப்பிட்டார். அவருக்கு இரண்டு வகைக் கண்ணாடி அறைகள் உண்டு. ஒன்று நல்ல செய்தி சொல்ல, ஒன்று கெட்ட செய்தி சொல்ல. இரண்டாவது அறை.

"ஏப்ரல் ஒன்பது இன்வெஸ்டர்ஸ் வர்றாங்க. ரிசப்ஷன்ல காலி டேங்க் இருந்தா என்ன மெசேஜ் போகும்? ரெசிலியன்ஸ் செத்துப்போச்சுன்னு போகும்."

"சாகலை. ட்ரீட்மெண்ட் போயிட்டிருக்கு" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

"யாமினி, எமோஷனலா போக வேண்டாம். அதே கலர்ல இன்னொண்ணு கிடைக்குமா, மமதா?"

மமதா மேசையைப் பார்த்தபடி, "கேக்கறேன் சார்" என்றாள்.

"ஸ்டாஃபுக்குச் சொல்ல வேணாம். அவங்களுக்கு பிவட் பிவட்டாவே இருக்கட்டும். பழசை... நீங்களே பாத்துக்குங்க யாமினி. இங்க மட்டும் திருப்பிக் கொண்டுவராதீங்க, இன்ஃபெக்ஷன் இருக்குல்ல?"

நோய் வந்தது எங்கிருந்து என்று அவருக்கு ஒரு படம் வரைந்து காட்டியிருக்கலாம். வரையவில்லை. மின்னஞ்சல் எழுதினேன், இன்னொரு தடவை. தொட்டி, கப்பி, வலை, குளிர்ச்சி. இந்தத் தடவை கட்டைவிரல்கூட இல்லை.

மார்ச் 28, வெள்ளி

புதியது வந்துவிட்டது. அதே நிறம், ஆனால் உள்ளங்கை அளவு. குட்டி. பழைய தொட்டி, பழைய தண்ணீர், பழைய கப்பிகள். கழுவினாயா என்று தினேஷைக் கேட்டேன். "தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கு பாருங்க மேடம்" என்றான். நேற்று நுண்நோக்கியில் நான் பார்த்தவையும் கண்ணாடியாட்டம்தான் இருந்தன. டாக்டர் வாராந்திர மருந்துக்கு வரச் சொல்லியிருந்தார். புழு குறைந்திருக்கிறது, தீரவில்லை.

விற்பனைப் பிரிவு ஆள் ஒருவர் தொட்டியை எட்டிப் பார்த்து, "பிவட் இளைச்சுட்டாப்ல, டயட்டா?" என்றார். ஒரு வருடம் தினமும் அதைக் கடந்து போனவர்.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது பேண்ட்ரி டீ வடிகட்டியால் கப்பிகளை ஒவ்வொன்றாக வாரி வாளியில் போட்டேன். ஓஸ்வால்ட் வந்து பார்த்துவிட்டு, "எனக்குக் குடும்மா, வூட்டாண்ட பசங்க கீது" என்று எடுத்துப் போனார். இந்த வாரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

தொட்டியில் புதிய கப்பிகள். ஹரிஷ்குமாருக்குத் தொட்டியில் 'அசைவு' வேண்டுமாம், தினேஷுக்குப் போன் செய்து வரவழைத்திருக்கிறார். முட்டாள்கள் தினம் என்பதால் முதலில் நம்பவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

வீட்டில் சார் பஞ்சு உதிர்த்துவிட்டது. தோல் சுத்தம். உப்புக் குளியல் மட்டும் இன்னும் ஒரு வாரம். சாப்பிடத்தான் மாட்டேன் என்கிறது. குளிரில் பசிக்காது என்று டாக்டர் சொன்னாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

அலுவலகத்தில் குட்டியின் செவுள் முன்பக்கம் வளைந்திருக்கிறது. மமதாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன்.

"அய்யோ, இதுக்குமா?"

"இன்னிக்கே டாக்டர்கிட்ட கொண்டுபோறேன்."

ஹரிஷ்குமாரைக் கேட்கப் போனாள். திரும்பி வந்து, "நைன்த் முடிஞ்ச உடனேன்னு சொல்றார்" என்றாள். நான் வந்து உட்கார்ந்து, 'உங்கள் இருக்கையை முன்பதிவு செய்வது எப்படி' என்ற பக்கத்தைத் திருத்தினேன்.

ஏப்ரல் 7, திங்கள்

குட்டி செத்துப்போச்சு.

சனி ஞாயிறு ஏசி இல்லை. ஓஸ்வால்ட்தான் முதலில் பார்த்திருக்கிறார். நான் வந்ததும், "ஏம்மா, அது அசையல" என்றார், கேக் துண்டு வாங்கிய அதே மனிதர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. கப்பிகள் அதைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தன. எதற்கு மொய்த்தன என்று எழுத மாட்டேன். டிஷ்யூவில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். எடையே இல்லை.

அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை யாரும். இன்னொன்றின் பெயரிலேயே வந்து இன்னொன்றின் பெயரிலேயே போய்விட்டது.

ஹரிஷ்குமார் கேட்ட முதல் கேள்வி: "பழசு உயிரோட இருக்கா?"

ஆம் என்றோ இல்லை என்றோ நான் சொல்லவில்லை. மமதா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் 'எப்படி இருக்கு?' என்று கேட்பது அவள் ஒருத்திதான்.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் தட்டினாள் மமதா. கையில் நிறுவனத்தின் ஸ்டிக்கர் ஒட்டிய புத்தம்புதிய கண்ணாடிப் பெட்டி.

"ஒரே நாள் யாமினி. ப்ளீஸ். நாளன்னிக்கு சாயங்காலம் நானே திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கறேன். என் மேலே சத்யா."

"இல்லை."

"ஹரிஷ் சார் என்னைத்தான் கேக்கறார். அப்ரைசல் என் கழுத்து மேல..."

"இல்லை, மமதா. அந்தத் தண்ணிக்குள்ள அது திரும்பப் போகாது."

வாசலிலேயே நின்றோம். பின்னால் அம்மா குரல்.

"நிக்க வெச்சே பேசுவியாடி? மொதல்ல உள்ள வாம்மா. வந்து பாரு, அப்பால எட்த்துனு போ."

பாதகி. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஃபிரிட்ஜைத் திறந்து டப்பாவை எடுத்துத் தரையில் வைத்து மூடியைத் திறந்தாள். மமதா குனிந்தாள். நாலு வாரத்துக்கு முன் விசிறி மாதிரி இருந்த செவுள்கள். இப்போது கட்டைக் குச்சிகள். ஒவ்வொரு குச்சியிலும் சிவப்பாக, கண்ணை இடுக்கினால் தெரியும் அளவுக்கு, ஒரு சின்ன ரோமம்.

"இது... அந்த மீன் கடிச்சதா?"

என்னிடம் தயாராக ஐந்தாறு பதில்கள் இருந்தன. எல்லாம் நல்ல பதில்கள். ஒவ்வொன்றையும் பஸ்ஸில் நின்றபடி மெருகேற்றி வைத்திருந்தேன்.

"ஆமா" என்றேன்.

"நான்... பாப, தனியா இருக்கேன்னு..." அதற்கு மேல் கன்னடத்தில் என்னவோ சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். அது என்னிடம் பேசியதா, தன்னிடமா, தெரியவில்லை.

அம்மா கல்லுப்புக் கரைத்த பாத்திரத்தை அவள் முன்னால் நகர்த்தினாள். "சாருக்குக் குளிக்கிற நேரம். அழுதுனு இல்லாம அந்தப் பக்கம் பிடிம்மா. நழுவும்."

"சாரா?"

"எங்க மேனேஜராட்டம் கீறாரு, அதான். நீ இன்னா, உங்க மேனேஜரு எப்டி?"

மமதா அழுதுகொண்டே சிரித்தாள். ஈரக் கையோடு டீ குடித்தாள். காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். நாளை என்ன செய்யப் போகிறாள்? தெரியாது. அவள் ஹரிஷ்குமாரையே இங்கே அனுப்பலாம். சார் நிறுவனத்தின் சொத்து. ஆட்டோ பிடித்து வந்து எடுத்துப் போக அவர்களுக்கு உரிமை இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? அரை பாக்கெட் கல்லுப்பு.

குட்டியை மாடியில் அம்மாவின் கற்றாழைத் தொட்டியில் புதைத்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கெட்ட செய்தி அறை. ஹரிஷ்குமார், நான், மமதா.

"கொண்டுவந்தாச்சா?"

"அதுவும் போயிடுச்சு சார்" என்றாள் மமதா. "நேத்து நானே போய்ப் பாத்தேன்."

நான் இருமினேன். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள், முகத்தில் ஒரு சலனம் இல்லாமல். எச்.ஆர். பயிற்சி என்பது சும்மா இல்லை.

ஏப்ரல் 9, புதன்

தொட்டி இருந்த இடத்தில் ஒரு பெரிய டிவி. அதில் பிவட்டின் பழைய காணொளி சுழன்று சுழன்று ஓடியது. முதலீட்டாளர் ஒருவர், நிஜமானதை விட இது பராமரிக்க எளிது, புத்திசாலித்தனம் என்று பாராட்டினாராம். இன்னும் கொஞ்சம் யோசித்தால் ஊழியர்களுக்கும் பொருந்தும் யோசனை.

ஏப்ரல் 11, வெள்ளி

இரங்கல் கூட்டம். எல்லாருக்கும் மின்னஞ்சலில் அழைப்பு வந்தது, சமோசா உண்டு என்ற குறிப்புடன்.

ஹரிஷ்குமார் நேற்றே இணையத்தில் எழுதிவிட்டார்: பிவட்டின் மரணம் தலைமைப் பண்பு பற்றித் தனக்குக் கற்றுத்தந்த ஐந்து பாடங்கள். மூன்றாவது பாடம், அருகில் இருப்பவர்களைக் கவனியுங்கள். இருநூறு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

ஒரு நிமிடம் மௌனம். டிவிக்கு முன்னால் எல்லாரும் தலை குனிந்து நின்றோம். டிவியில் பிவட் புன்னகைத்துக்கொண்டு வலமிருந்து இடமாகப் போனது. அதே நேரம் அது பொம்மனஹள்ளியில் கறிக்குழம்புக்குக் கீழே கால் நீட்டிப் படுத்திருக்கிறது. எதிரே மமதாவின் தோள்கள் குலுங்கின. பக்கத்திலிருந்தவள் பாவம், டிஷ்யூ எடுத்து நீட்டி முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் மமதாவைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் இன்றோடு இரண்டு பேர் வேலையும் போயிருக்கும்.

தரையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. இந்த அறையில் உண்மையாகவே ஒன்று செத்திருக்கிறது. அது இங்கே இருந்தது என்றே இவர்களுக்குத் தெரியாது. தெரியாமலேயே அதற்குத்தான் நிற்கிறார்கள். வேறு யார் கொடுத்திருப்பார்கள் அதற்கு ஒரு நிமிடம்?

"யாமினி, பொறுப்பாளரா நீங்க ரெண்டு வார்த்தை..." என்றார் ஹரிஷ்குமார்.

ஒரு வருடமாக எல்லார் முன்னாலும் பேசாத வாய்.

"தண்ணி சூடா இருந்துச்சு" என்றேன். "சனி ஞாயிறு ஏசி நிறுத்திடுவோம். தொட்டியைக் கழுவல. அதுல புழு இருந்துச்சு. மூணு வாரமா தெரிய வேண்டியவங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதனாலதான் செத்துச்சு. வேற பாடம் ஒண்ணும் இல்ல இதுல."

ஓஸ்வால்ட் கதவருகில் நின்று விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேங்க்யூ யாமினி" என்றார் ஹரிஷ்குமார். "வெரி ரா. வெரி ஆனஸ்ட்."

கை தட்டினார்கள். சமோசா நன்றாக இருந்தது என்றார்கள். நான் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 12, சனி

டாக்டர் மகா மறுபடி சுரண்டிப் பார்த்தார். இரண்டு தடவை கண்ணாடியை நகர்த்தினார். "ஒண்ணும் இல்ல" என்றார். என்னையும் பார்க்கச் சொன்னார். வெறும் வெளிச்சம். ஃபிரிட்ஜிலிருந்து மெல்ல வெளியே எடுக்கலாம், டப்பாவைச் சுற்றிக் குளிர்ந்த பாட்டில்கள் வைத்தால் போதும். சாப்பிட்டால் தேறிவிட்டது என்று அர்த்தம்.

சாப்பிட்டால்.

மமதா செய்தி அனுப்பியிருக்கிறாள். வெளிநாட்டு விலங்குகளுக்கான பதிவுக் காகிதத்தில் சாரின் உரிமையாளரை என் பெயருக்கு மாற்றக் கொடுத்திருக்கிறாளாம். 'செத்துப்போனதுக்கு எப்படி?' என்று கேட்டேன். 'கேள்வி கேட்டா உன் பொறுப்பாயிடும்' என்று பதில்.

ஏப்ரல் 14, திங்கள்

அம்பேத்கர் ஜெயந்தி, விடுமுறை. அம்மா நீலப் புடவை கட்டிக்கொண்டு விடியற்காலை ரயிலிலேயே சொந்த ஊர் மாரிக்குப்பம் போய்விட்டாள். ஊர்வலம், சாப்பாடு, கூடப் படித்தவர்கள். என்னையும் கூப்பிட்டாள். தண்ணீர் மாற்ற வேண்டும் என்றேன். "ஜனங்கள பாக்குறதுன்னா உனுக்கு எதுனா ஒரு சாக்கு" என்று திட்டிவிட்டுப் போனாள். உண்மைதான்.

நேற்றும் முந்தாநாளும் மண்புழுத் துண்டைக் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்று இடுக்கியில் பிடித்து, அதன் வாய்க்கு நேரே இல்லாமல் கொஞ்சம் தள்ளி ஆட்டினேன். பார்க்கவே இல்லை. கை வலித்தது. வேறு பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். இடுக்கியில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. திரும்பினால் புழு இல்லை. கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. துப்பியது. மறுபடி கவ்வியது. இந்தத் தடவை உள்ளே போயிற்று.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் மேளம், வெடி, ஒலிபெருக்கி.

"இன்னா? சத்தமா சொல்லு!"

"சாப்பிட்டுச்சும்மா!"

"ஆங்?"

"சாப்-பிட்-டுச்-சு!"

அம்மா போனை வைக்காமலே யாரிடமோ கத்துவது கேட்டது: "துன்னுட்டாராம்! எங்க வூட்ல துன்னுட்டாராம்!" ஒரு பெண் குரல் அம்மாவிடம், "யாரு சொர்ணம், மருமவனா?" என்றது.

அம்மா என்ன பதில் சொன்னாள் என்பது மேளத்தில் கேட்கவில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தது கேட்டது.